ஊருக்குள் சாதாரணம், நெடும்பயணத்தில் கொதிப்பு: ஒரு 1.2 லிட்டர் பெட்ரோல் காரின் ஆய்வு

வண்டி: 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக், மேனுவல் கியர், 1,12,000 கி.மீ. ஓடியது. சென்னைக்குள் தினமும் அலுவலகம் போய்வரும் வண்டி. நெரிசலில் ஏசி போட்டு முக்கால் மணி நேரம் நின்றாலும் ஒன்றும் ஆகாது. மே மாதத்தில் நான்கு பேர், டிக்கி நிறைய சாமான் என்று கொடைக்கானலுக்குக் கிளம்பியபோதுதான் தொல்லை வெளியே வந்தது. திருச்சி தாண்டி திண்டுக்கல் நெருங்கும்போது சிவப்பு வெப்பநிலை விளக்கு ஒருமுறை மின்னி அணைந்தது. வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது அணையாமல் எரிந்தது. சில்வர் கேஸ்கேட் அருவிப் பக்கம் ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்திய மறுநிமிடம் பானெட்டுக்குள்ளிருந்து ஆவி. ஆறவிட்டு ஊற்றியபோது ஒன்றேகால் லிட்டர் தண்ணீர் பிடித்தது.

இதற்கு முன்பே மூன்று வேலைகள் நடந்திருந்தன. ‘நெடுந்தூரம் போனால் லேசாகச் சூடாகிறது’ என்ற புகாருக்காகத் தெர்மோஸ்டாட்டை (சூட்டுக்கு ஏற்ப ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறந்து மூடும் வால்வு) கழற்றி எறிந்திருந்தார்கள். ரேடியேட்டர் ஃபேனைச் சாவி போட்டதுமே சுற்றும்படி நேரடியாக இணைத்திருந்தார்கள். கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறையும்போதெல்லாம் வீட்டு போர் தண்ணீரை ஊற்றி வந்திருக்கிறார்கள். இந்த மூன்றில் ஒன்றுகூட நோயைத் தொடவில்லை. முதலாவதும் மூன்றாவதும் அதை வளர்த்தன.

எங்கே கொதிக்கிறது என்பதில் பாதி விடை

சிக்னலில் நிற்கும்போது சூடேறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் சந்தேகம் ஃபேன் மேல்: மோட்டார், ரிலே, ஃபியூஸ், சென்சார். ஓடும்போது சூடேறி, வேகத்தைக் குறைத்தால் இறங்கினால் ஃபேனுக்கு அதில் பங்கு மிகக் குறைவு. 60 கி.மீ. வேகத்துக்கு மேல் எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும். அப்போது சந்தேகிக்க வேண்டியது ரேடியேட்டரின் கொள்திறனையும் (அது எவ்வளவு வெப்பத்தை வெளியே தள்ளும் என்பது) அதற்குள் தண்ணீர் ஓடும் அளவையும்.

கணக்கு போட்டால் தெளிவாகும். நான்கு பேரோடு 1,300 கிலோ எடையுள்ள சிறிய கார் சமதளத்தில் 100 கி.மீ. வேகத்தில் போக, காற்றின் எதிர்ப்பையும் டயரின் உருளல் எதிர்ப்பையும் வெல்லச் சுமார் 13 கிலோவாட் வேண்டும். ஏசி கம்ப்ரசருக்கு இன்னொரு 2 கிலோவாட். பெட்ரோல் இன்ஜினில் சக்கரத்துக்குப் போகும் ஆற்றலுக்குக் கிட்டத்தட்டச் சமமான வெப்பம் கூலன்ட்டுக்குள் இறங்கும். ஆக ரேடியேட்டர் 15 முதல் 17 கிலோவாட் வரை இடைவிடாமல் வெளியே தள்ள வேண்டும். நகர ஓட்டத்தில் சராசரி இதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது. பாதி அடைத்த ரேடியேட்டர் ஊருக்குள் வருடக்கணக்கில் சமாளிப்பது இதனால்தான்.

மலைப்பாதை இன்னும் மோசம். 6 சதவீத ஏற்றத்தில் 40 கி.மீ. வேகத்தில் ஏற அதே வண்டிக்குச் சுமார் 11 கிலோவாட் தேவை. நெடுஞ்சாலைச் சுமையைவிட அதிகம் குறையவில்லை, ஆனால் எதிர்க்காற்று பாதிக்கும் கீழே போய்விட்டது.

அடுத்தது வெயில். ரேடியேட்டர் தள்ளும் வெப்பம், கூலன்ட்டுக்கும் அதில் நுழையும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. டிசம்பர் காலையில் காற்று 25 டிகிரி, கூலன்ட் 90: வித்தியாசம் 65. மே மதியத்தில் காற்று 40, முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சர் (ஏசியின் வெப்பத்தை வெளியேற்றும் பாகம்) அதை இன்னும் பத்து டிகிரி சூடாக்கி அனுப்பும், வித்தியாசம் 40தான். ஒரே ரேடியேட்டர், கொள்திறனில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் காணோம்.

‘ஒன்றரை மணி நேரம் நன்றாக ஓடிய பிறகு ஏன்?’ என்ற கேள்வி எப்போதும் வரும். இன்ஜினும் அதற்குள் இருக்கும் தண்ணீரும் சேர்ந்து ஒரு டிகிரி ஏற ஏறக்குறைய 75 கிலோஜூல் வேண்டும். ரேடியேட்டர் தேவையைவிட ஒரு கிலோவாட் மட்டும் பின்தங்கினால் ஒரு டிகிரி ஏற ஒன்றேகால் நிமிடம். சூடு ஏற ஏற ரேடியேட்டரும் கூடுதலாகத் தள்ளும் என்பதால் ஏற்றம் இன்னும் மெதுவாகும். காலை ஆறு மணிக்குக் கிளம்பியவர் பத்து மணி வெயிலை அடைவதும் அந்தக் கணக்கில் சேர்த்தி.

முதல் பார்வை, இன்ஜின் ஆறிய நிலையில்

ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது. உள்ளே 110 டிகிரித் தண்ணீர் அழுத்தத்தால் மட்டுமே தண்ணீராக இருக்கிறது. மூடி அசைந்த நொடியில் அது ஆவியாகி முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைக் கையால் அழுத்தினால் எளிதாக நசுங்க வேண்டும், அதுவரை காத்திருக்க வேண்டும். குறைந்தது முக்கால் மணி நேரம்.

மூடியைத் திறந்தபோது மூன்று தடயங்கள் ஒரே இடத்தில் கிடைத்தன. கூலன்ட் செங்காவி நிறத்தில் இருந்தது. கழுத்துப் பகுதியில் வெள்ளையாக உப்புப் படிவு, நகத்தால் சுரண்டினால் பொரிப்பொரியாக வந்தது. ரேடியேட்டருக்குள் தண்ணீர் மட்டம் நான்கு விரற்கடை கீழே இருக்க, பக்கத்தில் ரிசர்வ் டேங்க் முழுதாக நிறைந்திருந்தது.

இந்த மூன்றாவது தடயத்தைப் பலர் கவனிப்பதில்லை. ரேடியேட்டர் மூடிக்குள் இரண்டு வால்வுகள் உண்டு. பெரியது, அழுத்தம் குறித்த அளவைத் தாண்டினால் திறந்து தண்ணீரை ரிசர்வ் டேங்குக்கு அனுப்பும். நடுவில் உள்ள சிறியது, இன்ஜின் ஆறும்போது உண்டாகும் வெற்றிடத்தால் திறந்து அந்தத் தண்ணீரைத் திரும்ப இழுக்கும். டேங்க் நிறைந்து ரேடியேட்டர் காலியாக இருந்தால் தண்ணீர் போகிறது, திரும்பி வரவில்லை என்று பொருள். சிறிய வால்வு ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது டேங்குக்குப் போகும் மெல்லிய குழாய் விரிசல் விட்டுக் காற்றை இழுக்கலாம். டேங்கைப் பார்த்து ‘கூலன்ட் ஃபுல்’ என்று நம்பி ஓட்டியவருக்கு இன்ஜினில் ஒரு லிட்டர் குறைந்திருந்தது தெரிய வழியே இல்லை.

கூலன்ட்டின் அடர்த்தியைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்ததில் கிளைக்கால் (கூலன்ட்டின் அடிப்படைத் திரவம்) பத்து சதவீதத்துக்கும் கீழே. மீதி முழுக்க போர் தண்ணீர். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 10500, கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மி.கி. உகந்த அளவு என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை ஏற்கலாம் என்றும் சொல்கிறது. குடிக்க ஏற்ற தண்ணீர் இன்ஜினுக்கு ஏற்றதாக இருக்க வேண்டியதில்லை. கால்சியம் கார்பனேட் சூட்டில் கரையும் திறனை இழக்கும், ஆகவே உலோகம் எங்கே மிகச் சூடாக இருக்கிறதோ அங்கே போய் உட்காரும். தண்ணீர் ஆவியாகப் போனால் அதிலிருந்த உப்பு உள்ளேயே தங்கும். நாம் ஊற்றும் அடுத்த லிட்டர் புதிய உப்போடு வரும். துருவைத் தடுக்கும் சேர்மானங்களும் கூலன்ட்டோடு நீர்த்துப் போய்விட்டதால் இன்ஜின் பிளாக்கிலிருந்து துருவும் கிளம்பும். இரண்டும் கலந்த சேறு, உள்ளிடைவெளி ஒன்று ஒன்றரை மில்லிமீட்டர் மட்டுமே உள்ள ரேடியேட்டர் குழாய்களில் போய்ச் சேரும்.

ஆயில் டிப்ஸ்டிக் சுத்தமாக இருந்தது. ஆயிலில் தண்ணீர் கலந்தால் வரும் வெண்ணெய் போன்ற கலங்கல் இல்லை.

ஹெட் கேஸ்கெட்டை முதலில் விலக்கியது

ஹெட் கேஸ்கெட் என்பது இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பாகமான ஹெட்டுக்கும் இடையே உள்ள அடைப்புத் தகடு. கொதித்த வண்டி என்றதும் ‘ஹெட் போயிருக்கும்’ என்று இன்ஜினைப் பிரிக்கச் சொல்வது வழக்கம். பிரிப்பதற்கு முன் செய்ய வேண்டிய மூன்று சோதனைகள் ஒரு மணி நேரத்தில் முடியும்.

அழுத்தச் சோதனை முதலில். மூடி இருக்கும் இடத்தில் கைப்பம்பை மாட்டி, மூடியில் அச்சிட்டிருக்கும் அளவான 0.9 பார் வரை ஏற்றிக் கால் மணி நேரம் விட்டதில் முள் அசையவில்லை. வெளிக்கசிவு இல்லை. அதே பம்பில் மூடியைத் தனியாக மாட்டிச் சோதித்தபோது 0.3 பாரிலேயே விட்டுக்கொடுத்தது. ரப்பர் வளையம் கல்லாக இறுகி, அதில் கழுத்தின் தடம் பள்ளமாகப் பதிந்திருந்தது.

இரண்டாவது, சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் கசிகிறதா என்ற சோதனை. ரேடியேட்டர் கழுத்தில் இரட்டை அறைக் குழாயை வைத்து, இன்ஜின் ஓடும்போது மேலே வரும் காற்றை நீல நிறத் திரவத்தின் வழியே உறிஞ்ச வேண்டும். சிலிண்டரிலிருந்து கரியமில வாயு கலந்திருந்தால் பெட்ரோல் வண்டியில் நீலம் மஞ்சளாகும். தொடங்கும் முன் ரேடியேட்டர் மட்டத்தை ஐந்து சென்டிமீட்டராவது குறைத்துக்கொள்ள வேண்டும். கூலன்ட் திரவத்தோடு கலந்துவிட்டால் முடிவை நம்ப முடியாது. இந்த வண்டியில் கால் மணி நேரமும் நீலம் நீலமாகவே இருந்தது.

மூன்றாவது, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்). நான்கு சிலிண்டரும் 12.5க்கும் 13 பாருக்கும் இடையே. கேஸ்கெட் பழுதானால் அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்தோ ஒன்று தனியாகவோ கீழே விழும். ஆறிய இன்ஜினைக் கிளப்பிய ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல் போல் இறுகுவதும் கேஸ்கெட்டின் அடையாளம், அதுவும் இல்லை. ஹெட்டைத் தொடவேண்டிய அவசியம் இல்லை என்று இத்தோடு முடிவானது.

அளவு இல்லாமல் அடுத்த அடி இல்லை

இந்த வண்டியில் வெப்பநிலை முள் கிடையாது. குளிரில் நீல விளக்கு, கொதியில் சிவப்பு விளக்கு, இடையில் எதுவும் இல்லை. முள் இருக்கும் வண்டிகளிலும் பெரும்பாலானவற்றில் 80 முதல் 100 சொச்சம் வரை அது நடுவிலேயே நிற்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள். முள் அசையும்போது நேரம் கடந்திருக்கும். ஆகவே ஓபிடி சாக்கெட்டில் (வண்டியின் கணினியைப் படிக்கும் இணைப்பு) ஒரு ப்ளூடூத் ரீடரை மாட்டிக் கைப்பேசியில் கூலன்ட் வெப்பநிலையைப் பதிவு செய்வதுதான் இந்த வகைப் புகாருக்கு முதல் கருவி.

ஜிஎஸ்டி சாலையில் தாம்பரத்திலிருந்து திண்டிவனம் நோக்கி ஓட்டம். வெளியே 38 டிகிரி, நான்கு பேர் எடை, ஏசி முழுதாக. தாம்பரத்துக்குள் 78–82. செங்கல்பட்டு தாண்டி 100 கி.மீ. வேகத்தில் 94. மதுராந்தகத்தில் 101. அச்சிறுப்பாக்கம் அருகே 106, இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. அங்கே ஏசியை அணைத்ததும் நான்கு நிமிடத்தில் 101. வேகத்தை 70க்குக் குறைத்ததும் 95.

இந்த வடிவத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். மெதுவாக, சீராக ஏறுகிறது. சுமை குறைந்தால் சீராக இறங்குகிறது. இது கொள்திறன் போதாமையின் கையெழுத்து. காற்றுப்பூட்டோ (தண்ணீர்ப் பாதையில் சிக்கிய காற்று) சிலிண்டரிலிருந்து கசியும் வாயுவோ இருந்தால் எண்கள் 92, 108, 97 என்று தாறுமாறாகக் குதிக்கும். பம்ப்பின் இறக்கைச் சக்கரம் தண்டில் நழுவினால் ஆர்பிஎம் ஏறிய சில நொடிகளில் உயரும். இழுவை குறைந்து சூடும் சேர்ந்தால் புகைக்குழாயில் அடைத்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் (புகையைச் சுத்திகரிக்கும் பாகம்), ஒரு சக்கரம் மட்டும் கை வைக்க முடியாமல் கொதித்தால் பிடித்துக்கொண்ட பிரேக்கையும் பார்க்க வேண்டும். இங்கே இரண்டும் இல்லை.

மலையில் 106 டிகிரி ஏன் கொதியானது என்பதற்கு மூடியில் விடை இருந்தது. 0.9 பார் தாங்கும் மூடியோடு வெறும் தண்ணீர்கூடக் கடல்மட்டத்தில் சுமார் 119 டிகிரியில்தான் கொதிக்கும். சரிபாதிக் கூலன்ட் என்றால் 125க்கும் மேல். ஆனால் மூடி தாங்குவது வெளிக்காற்று அழுத்தத்துக்கு மேலே உள்ள வித்தியாசத்தை. 1,800 மீட்டர் உயரத்தில் வெளி அழுத்தமே ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். அங்கே 0.3 பாரில் திறந்துவிடும் மூடியோடு வெறும் தண்ணீர் 102–103 டிகிரியில் கொதிக்கும். சென்னைக்கு வெளியே சமதளத்தில் 106 டிகிரியைச் சத்தமில்லாமல் தாங்கிய வண்டி அருவி ஓரத்தில் ஆவி விட்டதற்குக் காரணம் இதுதான். நிறுத்திய பிறகு கொதித்ததற்கும் காரணம் உண்டு: இன்ஜின் நின்றால் பம்ப்பும் நிற்கும், ஹெட்டில் தேங்கிய வெப்பம் ஓடாத தண்ணீருக்குள் இறங்கும்.

மலிவானவை முதலில்

மூடி மாற்றப்பட்டது, 0.9க்குப் பதில் 0.9தான். 1.1 போட்டால் நல்லது என்று நினைத்து மாற்றக் கூடாது, பழைய பிளாஸ்டிக் டேங்கும் ஹோஸும் அந்தக் கூடுதல் அழுத்தத்துக்குச் செய்தவை அல்ல.

தெர்மோஸ்டாட் திரும்ப வந்தது. இதைக் கழற்றினால் இன்ஜின் குளிர்ச்சியாக ஓடும் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டுப் பட்டறைகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது, அதனால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த இன்ஜினில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு தட்டுகள். மேல் தட்டு ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போது கீழ்த் தட்டு பைபாஸ் வழியை மூடும். தெர்மோஸ்டாட்டே இல்லை என்றால் பைபாஸ் எப்போதும் திறந்திருக்கும். சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டரைப் பார்க்காமலேயே இன்ஜினுக்குத் திரும்பும். சுமை குறைந்த நகர ஓட்டத்தில் 80 டிகிரிகூட எட்டாமல் பெட்ரோல் வீணாகும், வண்டியின் கணினியான ஈசியூவில், இன்ஜின் போதிய சூட்டை எட்டவில்லை என்னும் பி0128 பிழைக்குறி விழும். சுமை ஏறும்போது அதே வண்டி முன்பைவிடச் சீக்கிரம் கொதிக்கும். ‘தண்ணீர் வேகமாக ஓடினால் ஆற நேரம் கிடைக்காது’ என்று இதற்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். அது தவறு. ஓட்டம் கூடினால் ரேடியேட்டர் தள்ளும் வெப்பமும் கூடத்தான் செய்யும். குற்றம் மூடாத பைபாஸில் இருக்கிறது.

புதிய தெர்மோஸ்டாட்டையும் சோதிக்காமல் மாட்டக் கூடாது. ஒரு பாத்திரத் தண்ணீரில், அடியைத் தொடாதபடி நூலில் தொங்கவிட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்துச் சூடேற்றினோம். 82 என்று குறித்தது 83ல் விரிய ஆரம்பித்து 95ல் 8 மி.மீ. முழுதாகத் திறந்தது. மாட்டும்போது அதிலுள்ள சிறிய ஆடும் ஊசித் துளை மேல்பக்கம் இருக்க வேண்டும், காற்று வெளியேற அதுதான் வழி.

ஃபேனின் நேரடி இணைப்பை எடுத்துவிட்டுப் பழைய வயரிங் மீட்கப்பட்டது. 96ல் ஓடி 91ல் நின்றது. ஏசி போட்டதும் ஓடியது. ஃபேனில் கோளாறே இருந்ததில்லை.

பிறகு முன்பக்கம். கண்டென்சர் வெளியிலிருந்து பார்க்கச் சுத்தம். அதற்கும் ரேடியேட்டருக்கும் இடையிலான விரலளவு இடைவெளியில் டார்ச் அடித்துப் பார்த்தால் பூச்சி இறகும் மண்ணும் பஞ்சும் சேர்ந்து கம்பளி போலப் படிந்திருந்தது, கீழ்ப் பாதியில் அதிகம். கண்டென்சரின் போல்ட்டுகளைக் கழற்றி, கேஸ் குழாய்களைப் பிரிக்காமல் முன்னால் சாய்த்து, தோட்டக் குழாயால் இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவப்பட்டது. பிரஷர் வாஷரை அருகில் வைத்து அடித்தால் அலுமினியத் தகடுகள் மடிந்து நிரந்தரமாக அடைத்துக்கொள்ளும்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. எப்போதோ முன் பம்பர் பெயின்ட் வேலை நடந்தபோது ரேடியேட்டரின் இரு பக்கமும் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் காற்றுத் தடுப்புகளை மறுபடி மாட்டவில்லை. அவை இல்லாவிட்டால் கிரில் வழியே வரும் காற்று எளிய வழியைத் தேடி ரேடியேட்டரின் பக்கவாட்டில் நழுவிவிடும். சாதாரணத் தகடுகள் என்று பழைய சாமானோடு போட்டுவிடுகிறார்கள். நெடுஞ்சாலை வேகத்தில் ரேடியேட்டருக்குள் காற்றைத் திணிப்பவை அவைதான்.

இவ்வளவும் செய்து அதே சாலையில், 37 டிகிரி வெயிலில் மறுபடி ஓட்டம். 100 கி.மீ. வேகத்தில் 99–100ல் நின்றது. 110ல் 103 வரை ஏறியது. ஆறேழு டிகிரி லாபம். இங்கே வேலையை முடித்து வண்டியைக் கொடுத்திருந்தால் அடுத்த கோடைவரை புகார் வந்திருக்காது. ஆனால் தெர்மோஸ்டாட் 95ல் முழுதாகத் திறந்தபின் 100ல் நிற்கும் வண்டிக்குக் கையிருப்பே இல்லை. மலையில் அது தோற்கும்.

ரேடியேட்டருக்குள்

மேல், கீழ் ஹோஸ்களின் மேல் ஆளுக்கொரு தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும்) கம்பியை ஒட்டி, மேலே நுரைத்துணி சுற்றி, வயரை உள்ளே இழுத்து ஓடும்போதே படித்தோம். 100 டிகிரியில் ஓடும்போது உள்ளே போகும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் வித்தியாசம் 14 டிகிரி. தெர்மோஸ்டாட் முழுதாகத் திறந்த நிலையில், இந்தச் சுமையில், ஆரோக்கியமான ஓட்டத்தில் அது 5 முதல் 7 டிகிரிக்குள் இருக்கும். 17 கிலோவாட்டை 14 டிகிரியால் வகுத்தால் நிமிடத்துக்கு 18 லிட்டர் வாக்கில்தான் ஓட்டம். இருக்க வேண்டியதில் பாதிக்கும் கீழே. (இதே அளவை, வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும் ஐட்லிங்கில் எடுத்துவிட்டு முடிவு சொல்லக் கூடாது. அப்போது தெர்மோஸ்டாட் கொஞ்சமே திறந்திருக்கும். நல்ல வண்டியிலும் வித்தியாசம் இருபது டிகிரியைத் தாண்டும்.)

ஓட்டக் குறைவுக்குப் பம்ப் காரணமா, ரேடியேட்டர் காரணமா? நிற்கும் வண்டியில் இன்ஜின் சூடாக இருக்க 3,500 ஆர்பிஎம்முக்கு ஏற்றியபோது கீழ் ஹோஸ் உள்வாங்கிச் சப்பையானது. பம்ப் இழுக்கிறது, ரேடியேட்டர் விடவில்லை. பம்ப் பலவீனமாக இருந்தால் ஹோஸ் அசையாது. ஹோஸும் வயதாகி மெலிந்திருந்தது என்பதையும் இது காட்டியது. சப்பையாகும் ஹோஸ் தானே இரண்டாவது அடைப்பாகும்.

இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் ரேடியேட்டரை வரைபடம் போல அளந்ததும் அதையே சொன்னது. பளபளக்கும் அலுமினியத்தில் இந்தக் கருவி பொய் சொல்லும், உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும். ஆகவே ஃபேன் கூட்டைக் கழற்றி, தகடுகளின் மேல் ஆறு இடங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டி, டேப்பை அளக்க வேண்டும். மேல் பாதி 85–88. கீழ்ப் பாதியில் மூன்று இடங்கள் 52, 55, 58. அந்தக் குழாய்களுக்குள் சூடான தண்ணீரே போகவில்லை.

ஆசிட் ஊற்றிச் சுத்தம் செய்து தருகிறோம் என்பார்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் காஸ்டிக் சோடாவும் அலுமினியத்தைத் தின்றுவிடும். பழைய பித்தளை ரேடியேட்டர் காலத்து முறை இது. முழுதாக அடைத்த குழாய்க்குள் எந்தத் திரவமும் ஓடாது, திறந்திருக்கும் குழாய்தான் மேலும் மெலியும். ரேடியேட்டர் மாற்றுவதே சரி.

மாற்றுவதற்கு முன் பிளாக்கைக் கழுவ வேண்டும், இல்லையென்றால் அங்கே ஒட்டியிருக்கும் சேறு புது ரேடியேட்டரை அடைக்கும். தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டுப் பழைய ரேடியேட்டரோடே, லிட்டருக்கு 20 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்த தண்ணீர் நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, 80 டிகிரி வாக்கில் இருபது நிமிடம் ஓடவிட்டு வடித்தோம். சிமென்ட் கரைசல் போலச் செங்காவிச் சேறு வந்தது. வெறும் தண்ணீரில் மூன்று முறை அலசி, கடைசி முறை டீமினரலைஸ்டு தண்ணீரில். அமிலத்தை இரவு முழுக்க உள்ளே விட்டுவைக்கக் கூடாது.

பிறகு புதிய ரேடியேட்டர், மேல் கீழ் ஹோஸ்கள், ஸ்பிரிங் கிளிப்புகள். வாட்டர் பம்ப்பைக் கழற்றிப் பார்த்ததில் இறக்கைகள் முழுசாக இருந்தன, தண்டில் ஆட்டம் இல்லை, கசிவுத் துளை உலர்ந்திருந்தது. புதிய கேஸ்கெட்டோடு அதுவே திரும்பப் போனது. தேவையில்லாத பாகத்தை வாங்க வைப்பது சரியில்லை.

நிரப்புவதில் செய்யும் பிழை

இந்த இன்ஜினின் மொத்தக் கொள்ளளவு 4.8 லிட்டர். வடித்தாலும் பிளாக்கிலும் ஹீட்டரிலும் ஒரு லிட்டர் அலசிய தண்ணீர் தங்கும். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து விற்கும் தயார்க் கலவையை ஊற்றினால் 3.8 லிட்டர்தான் பிடிக்கும், கிளைக்கால் 40 சதவீதத்துக்கு இறங்கிவிடும். எனவே அடர் கூலன்ட் 2.4 லிட்டரை முதலில் ஊற்றி, மீதியை டீமினரலைஸ்டு தண்ணீரால் நிரப்ப வேண்டும். பெட்ரோல் பங்கில் ‘பேட்டரி தண்ணீர்’ என்று விற்பது இதற்குப் போதும், ஆசிட் கலந்த பேட்டரி திரவத்தோடு குழப்பிக்கொள்ளாமல் வாங்கினால். கூலன்ட்டின் நிறத்தைப் பார்த்துத் தேர்வு செய்ய வேண்டாம். பச்சை, சிவப்பு என்பது சாயம் மட்டுமே. வண்டிக் கையேடு சொல்லும் வகையை, ஏஎஸ்டிஎம் டி3306 அல்லது ஜேஐஎஸ் கே2234 என்ற தரக்குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். வேறுவேறு வகைகளைக் கலந்தால் சிலவேளை கூழாகத் திரண்டு குழாய்களை அடைக்கும்.

காற்று எடுக்க: முன் சக்கரங்களைச் சரிவுப் பலகையில் ஏற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடியைத் திறந்தே விட்டு மெதுவாக நிரப்ப வேண்டும். இன்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது மேல் ஹோஸை அழுத்தி அழுத்தி விட்டால் குமிழிகள் வரும். தெர்மோஸ்டாட் திறக்கும்போது மட்டம் திடீரென்று இறங்கும்; அப்போது நிரப்பி உடனே மூடிவிட வேண்டும். ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை விட்டு அணைத்தோம். மறுநாள் காலை ஆறிய நிலையில் மூடி திறந்து பார்த்ததில் 150 மி.லி. மேலும் பிடித்தது.

மூன்றாவது ஓட்டம், 39 டிகிரி வெயில், அதே எடை, ஏசி: 100 கி.மீ. வேகத்தில் 90–92. 110ல் 93. ஹோஸ்களுக்கு இடையே வித்தியாசம் 9 டிகிரி, தெர்மோஸ்டாட் இன்னும் முழுதாகத் திறக்காத நிலையில். திறக்க மிச்சம் இருப்பதுதான் கையிருப்பு.

பழைய ரேடியேட்டரின் பக்கத் தொட்டியை மடிப்பு நிமிர்த்திப் பிரித்துப் பார்த்தோம். மேல்பாதிக் குழாய்களில் மெல்லிய வெள்ளைப் பூச்சு. கீழே, டேப்பில் 52 காட்டிய இடத்தில், வாய்கள் செந்நிறப் பொருக்கால் மூடி, கம்பி நுழைத்தாலும் போகவில்லை.

இரண்டு மாதம் கழித்து வண்டி அதே நான்கு பேரோடு கொடைக்கானல் ஏறியது, ரீடரை மாட்டியபடி. வத்தலக்குண்டு தாண்டிய ஏற்றத்தில், இரண்டாவது கியரில் லாரிகளின் பின்னால் ஊர்ந்தபோது உச்சம் 97. ஃபேன் ஓடி 91க்கு இறக்கியது. மேலே போய் இரண்டு நிமிடம் ஐட்லிங்கில் விட்டு அணைத்தார்கள். மறுநாள் காலை ரேடியேட்டர் கழுத்துவரை நிறைந்திருந்தது. ரிசர்வ் டேங்கில் மட்டம் இரு கோடுகளுக்கு நடுவே, கிளம்பும்போது வைத்த அதே குறியில்.